ஆறும் ஆறு இடத்தில்

நாகராஜைத் திருடன் என்று எழுதிய மனிதர் அவருடைய முகத்தைக்கூடப் பார்த்தது கிடையாது. முகம் பார்க்காமலே ஒருவர் பிழைப்பில் மண்ணைப் போட இப்போதெல்லாம் கட்டை விரல் ஒன்று போதும்.

ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரத்துப் புதன்கிழமை அது. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, இரண்டாவதில் படிக்கட்டுப் பக்கமே நசுங்கிக்கொண்டு வந்து, பத்தேகால் மணிக்கு தி.நகர் கடைக்குள் நுழைந்தார் நாகராஜ். இசைக் கருவிகள் விற்கிற கடை. முன்பக்கம் விற்பனை, பின்னறையில் ரிப்பேர். அந்தப் பின்னறை பன்னிரண்டு வருடமாக நாகராஜின் கையில் இருக்கிறது. சாப்பாட்டுப் பையைக் கீழே வைப்பதற்குள் முதலாளி ரொனால்ட் தன் போனை நீட்டினார்.

“நாகு, இதப் படி.”

கடையைப் பற்றி இணையத்தில் ஒருவர் விமர்சனம் எழுதியிருந்தார். ஐந்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம். பெயர் நிரஞ்சன். செட்டப் செய்ய, அதாவது தந்தி மாற்றிச் சுருதி அமைக்க, கொடுத்த தன் எலக்ட்ரிக் கிட்டார் திரும்பி வந்ததிலிருந்து சுருதியில் நிற்கவில்லையாம். அடிப்பக்கத்துப் பிரிட்ஜில் தந்திகளைத் தாங்குகிற அசல் சேடில்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பளபளவென்று போலிகளை மாட்டி அனுப்பிவிட்டார்களாம். பின்னறையில் வேலை செய்கிற ஆள் எந்த இடத்திலிருந்து வருகிறார் என்று விசாரித்தால் கடைக்காரருக்கே எல்லாம் புரியுமாம். பதினேழு பேர் அதைப் ‘பயனுள்ள தகவல்’ என்று அமுக்கிவிட்டும் போயிருந்தார்கள்.

நாகராஜுக்கு அந்தக் கிட்டார் நன்றாக நினைவிருந்தது. நீல நிறம். பிரிட்ஜ் முழுக்கப் பல வருடத்து வியர்வை படிந்து மங்கிப் போயிருந்தது. பழைய தந்திகளைக் கழற்றிப் புதிது மாட்டி, கழுத்தின் வளைவைச் சரிபார்த்து, எந்த இடத்தில் விரல் வைத்தாலும் சுருதி சேருகிற மாதிரி அமைத்துக் கொடுக்க அரை நாள் ஆனது. வாங்கிப் போக வந்தவர் நிரஞ்சன் இல்லை; அவர் ஊரில் இல்லையென்று அப்பா வந்திருந்தார். காத்திருந்த நேரத்தில் அந்த அப்பாதான் கேட்டார், “எங்கேர்ந்துப்பா வர்றே?” என்று. பெரும்பாக்கம் என்றார் நாகராஜ். “அதுக்கு முன்னாடி?” அடையாறு ஆற்றோரக் குடிசை சார், எங்களை அங்கேயிருந்து எடுத்துக் கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்தில் வைத்தார்கள் என்று நாகராஜ் வெள்ளந்தியாகச் சொன்னார். அந்தப் பதில் எங்கே போய் முளைத்திருக்கிறது பாருங்கள்.

“நா எடுத்திருப்பேன்னு நெனக்கிறியா சார்?”

ரொனால்ட் போனிலிருந்து நிமிரவில்லை. “நா எங்கப்பா அப்டி சொன்னேன்? அவரு சொல்றாரு. சனிக்கெழம அவருக்கு ஆபீஸ்ல ஷோவாம். இன்னிக்கே மைலாப்பூர் போய் முடிச்சிட்டு வந்துரு.”

“அவரு ஒத்துக்கலன்னா?”

“அப்றம் நானும் இன்னா பண்றது நாகு? கட பேரு கெட்டுப்போனா பின்ரூம எதுக்கு வச்சிக்கினு இருக்கணும்?”

‘அவன் எடுக்கமாட்டான், எனக்குத் தெரியும்.’ நாலே வார்த்தை. பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் அந்த நாலு வார்த்தை ரொனால்ட் வாயிலிருந்து வரவில்லை என்பதுதான் நாகராஜை அந்த விமர்சனத்தைவிட அதிகமாகச் சுட்டது. பேசினால் வேறு ஏதாவது வந்துவிடும் என்று ஸ்க்ரூடிரைவர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

நாகராஜ் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு பழியால்தான். பதினாறு வயதில் ஒரு மெல்லிசைக் குழுவில் ஸ்பீக்கர் தூக்கும் வேலை. கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று ஊர் ஊராகப் போவார்கள். மேடையில் பாதிப் பாட்டில் கிட்டார் சுருதி விலகினால், வாசிக்கிறவர் கண் நேராக நாகராஜ் மேல்தான் போகும். “வண்டில தூக்கிப் போட்டியா? இடிச்சியா?” என்று மைக்குக்குப் பின்னாலேயே வசவு விழும். பூப்போல இறக்கி வைத்த பெட்டி அது. தூக்காதவனெல்லாம் தூக்கியவனைத் திட்டுகிற தொழில் என்று அவருக்கு அப்போதே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்படியானால் எதனால்தான் விலகுகிறது என்று பார்த்துவிடுவது என முடிவு செய்தார். குழு தூக்கிப்போட்ட உடைந்த கிட்டார் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போய், ஒரு மழைக்காலம் முழுக்கக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். மழைக்காலம் முடிகிறபோது குழுவில் யாருக்கும் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், இன்றைக்கும் அவருக்கு ஒரு பாட்டை முழுதாக வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்தத் தந்தி எந்தக் கட்டத்தில் ஒரு மயிரிழை விலகுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. வேலை முடிந்ததும் பிரிட்ஜின் பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுத்து, ரொனால்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். தி.நகரில் வேறு எந்தக் கடையிலும் யாரும் அப்படிச் செய்வதில்லை. அவர்களுக்கு அவசியமும் இல்லை. நாகராஜுக்கு அவசியம் இருந்தது, அம்மா தேவானையால்.

தேவானை ஒரு காலத்தில் அடையாறில் ஒரே கட்டடத்தில் நாலு வீட்டுக்கு வேலை செய்தவர். அப்போது நாகராஜுக்குப் பதினேழு வயது. ஒரு வீட்டில் வெள்ளி டம்ளர் காணாமல் போனது. மாடிப்படியில், நாலு வீட்டாரும் கதவைத் திறந்துகொண்டு பார்க்க, தேவானையை முந்தானையை உதறிக் காட்டச் சொன்னார்கள். காட்டினார். நாலு நாள் கழித்து டம்ளர் அரிசி டின்னுக்குள்ளே கிடைத்தது. கிடைத்துவிட்டது, வேலைக்கு வா என்று ஆள் அனுப்பினார்கள். போனபோது சூடாக ஒரு காப்பி கொடுத்தார்கள். அத்தோடு சரி. டம்ளர் காணோம் என்று கத்திய வாய், கிடைத்துவிட்டது என்று படியில் நின்று கத்தவில்லை. மற்ற மூன்று வீட்டிலும் அதற்குள் வேறு ஆள் வைத்துவிட்டிருந்தார்கள்.

அந்த டம்ளர் ஞாபகத்தோடுதான் நாகராஜ் மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பின்னால் இருந்த அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் அழைப்பு மணியை அமுக்கினார்.

கதவைத் திறந்தவர் கஸ்தூரிரங்கன், நிரஞ்சனின் அப்பா. ஒரு பெரிய தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்து மட்டும்தான். தரக்கட்டுப்பாடு வீட்டில் தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது. ஹாலில் மாட்டியிருந்த படங்கள் எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் இருந்தன. வாசலில் கழற்றிய நாகராஜின் செருப்பைக்கூடக் காலால் நகர்த்திச் சுவரோடு சேர்த்துவைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

“பையில என்னென்ன இருக்குன்னு ஒரு தரம் எடுத்துக் காட்டிடுப்பா. போறச்சேயும் பார்த்துண்டா யாருக்கும் சங்கடம் இல்லை பாரு.”

சங்கடம் யாருக்கு இல்லையாம்? நாகராஜுக்குக் காது மடல் சூடேறியது. இருந்தாலும் தரையில் உட்கார்ந்து, ஸ்க்ரூடிரைவர், ஆலன் கீ, கட்டர், பிரஷ், பென்சில், ஸ்டீல் ஸ்கேல், சுருதி காட்டுகிற ட்யூனர் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அம்மாவும் இப்படித்தான் முந்தானையை உதறியிருப்பார் என்று தோன்றியது.

நிரஞ்சன் லேப்டாப்பை மூடிவிட்டு வந்தார். முப்பது வயதிருக்கும். நேரில் பார்த்தபோது அந்த எழுத்துக்குச் சொந்தக்காரர் மாதிரியே இல்லை. நாகராஜின் கண்ணைப் பார்க்கவே கூச்சப்பட்டார். கிட்டாரை ஆம்ப்ளிஃபையரில் சொருகிக் கொடுத்து, “நீங்களே பாருங்க ப்ரோ. கீழ வாசிச்சா ஓரளவு ஓகே. மேல போகப் போக அழுகுது. ட்யூன் பண்ணினா ரெண்டு நிமிஷம்கூட நிக்கல. சேடில் பாருங்க, புத்தம்புதுசு. என்னோடது மங்கலா இருக்கும்” என்றார்.

கிட்டாரை மடியில் வைத்ததுமே நாகராஜுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது அவர் அனுப்பிய கிட்டாரே இல்லை போல இருந்தது. ஆனாலும் அவசரப்படவில்லை. வாயால் தகராறு செய்து ஜெயிக்கிற வீடு இது இல்லை என்று அவருக்குத் தெரியும். தந்தி தந்தியாகப் போனார்.

முதலில் சுருதி நிற்காத கதை. மூன்றாவது தந்தியின் முளையை மெதுவாகத் திருகினார். ட்யூனரின் முள் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினார். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்து, முள் ஒரே தாவாகத் தாண்டிப் போனது. தந்தி எங்கோ சிக்கி நின்று, பிறகு பிய்த்துக்கொண்டு கிளம்புகிற சத்தம் அது. எங்கே சிக்குகிறது என்பதும் அவருக்குத் தெரியும். கழுத்தின் உச்சியில் ஆறு தந்தியும் ஆறு பள்ளத்தில் உட்காருகிற சின்ன வெள்ளைத் துண்டு ஒன்று உண்டு, நட் என்பார்கள். தந்தியைத் தளர்த்தி நகர்த்திவிட்டு, பள்ளத்துக்குள் நகத்தை விட்டார். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

“சார், இது சந்தனம்.”

சமையலறை வாசலில் நின்றிருந்த நிரஞ்சனின் அம்மா முன்னால் வந்தார். “நான்தான் வச்சேன். சரஸ்வதி பூஜைக்கு வீணைக்கு வைக்கறச்சே இதுக்கும் வச்சேன். வீணைல எங்கே வைக்கணும்னு தெரியும், தந்தில படாம வைப்பேன். இதுல எது தலை எது வால்னு தெரியலை.”

ஆறு பள்ளத்திலும் ஆறு பொட்டு. அதன் மேல் குங்குமம். காய்ந்து சுண்ணாம்பாக இறுகிப்போயிருந்தது. நாகராஜுக்கு அந்த மாமியின் மேல் கோபம் வரவில்லை. கும்பிடுவதற்காக வைத்தது, யாருடைய பெயரையும் கெடுக்க வைத்ததில்லை. பிரஷ்ஷால் சுத்தம் செய்து, பள்ளங்களில் பென்சிலைத் தேய்த்தார். அதன் கரி தந்தியை வழுக்கிப் போகவைக்கும். மறுபடியும் திருகினார். முள் பிசிறில்லாமல் நகர்ந்தது.

“அது ஒண்ணு சார். இப்போ ரெண்டாவது” என்று பிரிட்ஜுக்கு வந்தார்.

தந்தியின் சரிபாதியில் பன்னிரண்டாவது கட்டம் இருக்கிறது. அந்த இடத்தில் தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டினால் மணி அடித்த மாதிரி ஒரு சுருதி வரும். அதே இடத்தில் அழுத்தி மீட்டினாலும் அதே சுருதி வரவேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் தந்தியின் நீளம் சரி. இல்லையென்றால் மேலே போகப் போக அபஸ்வரம்தான். அந்த நீளத்தைக் கூட்டிக் குறைக்கத்தான் பிரிட்ஜில் ஒவ்வொரு தந்திக்கும் சேடில் என்று தனித்தனியாக ஒரு சின்ன உலோகத் துண்டும், அதை முன்னும் பின்னும் நகர்த்த ஒரு திருகும் இருக்கின்றன. நாகராஜ் தடித்த தந்தியைத் தொட்டு மீட்டினார். பிறகு அழுத்தி மீட்டினார். இரண்டாவது சுருதி எகிறிக் குதித்தது.

குனிந்து பார்த்தார். ஆறு சேடிலும், ராணுவ அணிவகுப்பில் நிற்கிற மாதிரி, ஒரே நேர்க்கோட்டில் நின்றன.

தடித்த தந்திக்கு ஓர் இடம், மெல்லியதற்கு வேறிடம் என்று முன்பின்னாகத்தான் அவை நிற்கும், நின்றாக வேண்டும். உலகத்தில் எந்த மெக்கானிக்கும் இப்படி நேராக வைக்கமாட்டான்.

“இத யாரு சார் தொட்டது?”

நிரஞ்சன் முழித்தார். “யாரும் தொடலயே. நான் ஊர்லேர்ந்து வந்ததே வெள்ளிக்கிழமைதான்.”

“நான்தான் சரி பண்ணினேன்” என்றார் கஸ்தூரிரங்கன். சொன்ன குரலில் துளி தயக்கம் இல்லை. “ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் துடைச்சுண்டிருந்தேன். பித்தளை தேய்க்கிற பவுடரைப் போட்டு இதையும் தேய்ச்சேன், என்னமா அழுக்கு! அப்பதான் பார்த்தேன். ஆறு ஸ்க்ரூவும் ஆறு இடத்துல. ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால. இப்படியா ஒரு வேலை பார்ப்பா? ஸ்கேல் வச்சு, முன்னால நின்னதோட எல்லாத்தையும் நேரா ஆக்கினேன். உன்னோட அஜாக்கிரதையைச் சரி பண்ணினது நான்.”

 பளபளப்பு எங்கிருந்து வந்தது என்று நிரஞ்சனுக்கு உறைத்திருக்க வேண்டும்; முகம் சிறுத்துப்போனது. தேய்த்தவர் அப்பா, திருகியவர் அப்பா, திருடன் மட்டும் நாகராஜ்! என்ன அநியாயம் இது?

நாகராஜ் தன் போனை எடுத்து, அன்றைக்கு அனுப்பிய போட்டோவைத் திறந்து நிரஞ்சனிடம் நீட்டினார். தேதி இருந்தது. ஸ்கேல் இருந்தது. மங்கலான ஆறு சேடில்கள் இருந்தன. “மூணாவது சேடில் ஓரத்துல ஒரு வெட்டு கீது பாருங்க. இப்போ கிட்டார்ல பாருங்க. அதே வெட்டு கீதா?”

நிரஞ்சன் போனையும் கிட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார். இருந்தது.

கஸ்தூரிரங்கன் எட்டிப் பார்த்தார். “பார்த்தியாடா, நான் சொன்னேனோல்லியோ? இந்தப் போட்டோலயே ஆறும் ஆறு இடத்துல இருக்கு. அவனே ஒத்துக்கறான்.”

நாகராஜ் மறுபடி பிரிட்ஜின் மேல் குனிந்தார். ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தடித்த தந்தியின் சேடிலை மட்டும் பின்னுக்கு இழுத்தார். கொஞ்சம் திருகுவது, சுருதி சேர்ப்பது, தொட்டு மீட்டுவது, அழுத்தி மீட்டுவது, மறுபடி கொஞ்சம். ஐந்தாவது தடவையில் இரண்டு சத்தமும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தன.

“சேர்ந்துடுத்து!” என்றார் மாமி. பிறகு கணவர் பக்கம் திரும்பினார். “ஏன்னா, என் வீணைல மெழுகு வச்சு மேளம் கட்டறச்சே விரல் வைக்கற ஒவ்வொரு பித்தளை மெட்டையும் காதால கேட்டுக் கேட்டுத்தானே வைக்கறா? அதை நீங்க ஸ்கேல் வச்சு நேரா ஒட்டுவேளா?”

 நாற்பது வருடத் தரக்கட்டுப்பாட்டில் கஸ்தூரிரங்கனையே ஒருவர் தரம் பார்த்தது இதுதான் முதல் தடவை.

“சாரி ப்ரோ” என்றார் நிரஞ்சன். போனை எடுத்துவிட்டார். “இப்பவே டெலீட் பண்ணிடறேன்.”

“வேணாம்.”

“இல்ல, தப்புதானே. அழிச்சிடறேன்.”

“அழிச்சிட்டா படிச்சவங்க மனசுல கீறத யாரு சார் அழிப்பா? பதினேழு பேரு அமுக்கிக்கிறாங்க. அது அப்டியே இருக்கட்டும். அதுக்குக் கீழ, இன்னா நடந்துச்சோ அத எழுதுங்க. இன்னும் அஞ்சு தந்தி பாக்கி கீது. எழுதுங்க, நா பண்றேன்.”

இப்படிப் பேசுவோம் என்று நாகராஜே நினைத்திருக்கவில்லை. சனிக்கிழமை ஷோ நிரஞ்சனுடைய கண்ணில் தெரிந்தது. அவர் விமர்சனத்தைத் திறந்தார். அப்போதுதான் நாகராஜ் அதன் கீழே கடை முத்திரையோடு இருந்த இரண்டு வரியைப் பார்த்தார். காலையில் ரொனால்ட் காட்டியபோது அது திரையில் தெரியவில்லை.

‘எங்கள் ஊழியரின் செயலுக்கு மிகவும் வருந்துகிறோம். அவர் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.’

“உங்க ஓனரே நேத்து ஒத்துக்கிட்டார். அதனாலதான் நானும் உறுதியா நம்பிட்டேன்” என்றார் நிரஞ்சன், சமாதானம் சொல்கிற குரலில்.

நேற்று. அதாவது நாகராஜிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு முந்தைய நாள். காலையில் ரொனால்ட் ஏன் போனிலிருந்து நிமிரவில்லை என்பது இப்போது விளங்கியது. அந்த வீட்டில் பட்ட அவமானம் மொத்தமும் ஒரு பக்கம் என்றால் இது மட்டும் ஒரு பக்கம். 

நிரஞ்சன் எழுத ஆரம்பித்து, நடுவில் நிறுத்தினார். “அப்பா பேரு...”

“அதெல்லாம் எதுக்குடா? ஒரு ஸ்க்ரூவுக்கா இவ்வளவு?” என்றார் கஸ்தூரிரங்கன்.

“ஆறு ஸ்க்ரூ சார்” என்றார் நாகராஜ். “பேரு வேணாம். நா எங்கேர்ந்து வர்றேன்னு எழுதத் தெரிஞ்சிச்சு இல்ல? அதே மாரி ஸ்க்ரூவ யாரு திருகனாங்கன்னும் எழுதுங்க.”

நிரஞ்சன் எழுதினார். சேடில் எதையும் யாரும் மாற்றவில்லை, பூஜைக்காகத் தன் அப்பா அவற்றைத் தேய்த்து இடம் மாற்றிவிட்டார், நட்டில் இருந்தது தங்கள் வீட்டுச் சந்தனம், வேலை செய்தவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை, அவர் எங்கிருந்து வருகிறார் என்று எழுதியது வெட்கக்கேடு. ‘வெட்கக்கேடு’ என்ற வார்த்தையை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவரே போட்டார். நாகராஜ் மீதி ஐந்து தந்திகளையும் முடித்து, ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

மாமி காப்பி கொண்டுவந்தார். நல்ல மனதோடுதான் கொண்டுவந்தார். “வேணாம் மாமி” என்றார் நாகராஜ். அந்தக் காப்பியைக் குடித்தால் கணக்கு முடிந்துவிட்டது என்றாகிவிடும் போல அவருக்குப் பட்டது. கிளம்பும்போது பையைத் தானாகவே தரையில் கொட்டினார். “பாத்துக்குங்க சார்.” கஸ்தூரிரங்கன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் திரும்பிப் பார்க்கும்வரை நாகராஜ் எதையும் எடுத்து வைக்கவில்லை. கடைசியில் அந்த மனிதர் பார்த்தார், “சரிப்பா, போதும்” என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

கடைக்குத் திரும்பியபோது மணி மூன்று. ரொனால்ட் சிரித்த முகமாக இருந்தார். “பாத்தேன் நாகு, எழுதிட்டாரு. நல்லபடியா முடிஞ்சிச்சு. போய் சாப்பிடு.”

“உன்னோடது பாக்கி கீது சார்.”

“என்னோடதா?”

“நேத்தே எழுதிட்டியே சார், என்னாண்ட ஒரு வார்த்த கேக்காம. நடவடிக்கைன்னு.”

ரொனால்ட் முகம் மாறியது. “அது சும்மா பிசினஸுக்கு எழுதறதுப்பா. எல்லாக் கடையிலயும் அப்டிதான் எழுதறாங்க. நீ ஏன் மனசுல வச்சிக்கிற?”

“உன் வாட்ஸ்அப்ல என் பேரத் தொறந்து பாரு சார்.”

ரொனால்ட் தேடினார். அது எங்கோ ஆர்கைவில் ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. திறந்ததும் வரிசையாகப் பிரிட்ஜுகள் வந்தன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதே ஸ்கேல். மேலே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. வருடக்கணக்கில் ஒன்றைக்கூட அவர் திறந்து பார்த்திருக்கவில்லை. அந்த நீலக் கிட்டாரும் அதில் இருந்தது, தேதியோடு.

“இதெல்லாம் எதுக்குப்பா எனக்கு அனுப்பிக்கினு இருந்த?”

“இதுக்குதான் சார்.”

கிட்டார் தந்தி வாங்க வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ரொனால்ட் குரலைத் தாழ்த்தி, “சரி, அந்த ரிப்ளைய எடுத்துடறேன்” என்றார்.

“எடுக்காத. கீழ எழுது. ஊழியருன்னு போடாத, என் பேரப் போடு.”

ரொனால்ட் நல்ல மனிதர்தான். கிறிஸ்துமஸ் தவறாமல் கேக் கொடுப்பார், மழை நாளில் சீக்கிரம் அனுப்பிவிடுவார். நல்ல மனிதர்கள் இப்படி இருக்கிறார்களே என்பதுதான் நாகராஜுக்கு ஆறவில்லை. முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தடவி அடித்தார். நடுவில் நிமிர்ந்தார்.

“உன் இனிஷியல் இன்னா?”

பன்னிரண்டு வருடம்.

“தே” என்றார் நாகராஜ். “எங்கம்மா பேரு தேவானை.”

அன்று மாலை ஆறரைக்கெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார். பெரும்பாக்கத்தில் ஐந்தாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. தேவானை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்குப் படிக்க வராது. நாகராஜ் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, போனைப் பிடித்துக்கொண்டு படித்தார்.

‘எங்கள் கடையில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்யும் தே. நாகராஜ் எந்தத் தவறும் செய்யவில்லை. அவரை விசாரிக்காமல் மேலே அப்படி எழுதியது என் தவறு. ரொனால்ட்.’

“இன்னொரு தபா படி.”

படித்தார். ‘தே’ வந்த இடத்தில் தேவானை தலையை ஆட்டினார்.

“இத யாரு வேணாலும் பாக்கலாமா?”

“ஆமாமா. யாரு வேணாலும், எப்ப வேணாலும்.”

தேவானை கீரையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். 

“அந்த டம்ளரு கெடச்சிச்சே, அதயும் இதுல எழுத முடியுமாடா?”

 வருடம் இருபத்தைந்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த வீட்டுக்காரர்களின் பெயர்கூட நாகராஜுக்கு மறந்துவிட்டது. அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே தேவானை சொல்ல ஆரம்பித்துவிட்டார். தெருவின் பெயர், கட்டடத்தின் பெயர், மாடி, கதவு எண், டம்ளர் காணோம் என்றபோது கதவைத் திறந்துகொண்டு பார்த்த நாலு வீட்டிலும் யார் யார் நின்றார்கள் என்பது வரைக்கும்.